இரண்டாம் ஞாயிறு ஓலையும் அழாத என் மகளும்

“…அதனாலதாங்கய்யா எந்திரிச்சு நிக்கிறேன். இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருக்கு. சாந்திக்குச் சித்தம் சரியில்லைன்னு அந்தப் பத்திரத்துல எழுதச் சொன்னவ நாந்தான். அது பொய்.”

சொன்னது என் உடன்பிறந்த அக்கா கிருபை. சொன்ன இடம் காமயகவுண்டன்பட்டியில் எங்கள் சபை. எனக்கும் சின்னமனூரைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கும் அன்று இரண்டாவது ஞாயிறாகத் திருமண ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் இரண்டு பெயரையும் வாசித்து, தடை உண்டா என்று கேட்பதுதான் ஓலை. அக்கா பெயர் சொன்ன சாந்தி என் மனைவி. என் மகள் அபியைப் பெற்றவள். அவளைத் தள்ளிவிட்டு இன்னொரு பெண்ணைக் கட்டுவதற்காக நான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ஜெயராஜ். கம்பத்தில் தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மற்றதெல்லாம் வேதப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்தும், கடைக்கு வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டும் கற்றுக்கொண்டதுதான். ஒருவர் நறுக்கென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது எனக்கு மறக்காது. இந்தச் சாட்சியிலும் நல்ல வார்த்தைகள் எல்லாம் பிறர் என்னிடம் சொன்னவை. நான் செய்தவை வேறு. அவற்றை மறைக்காமல் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்கும் சாந்திக்கும் கல்யாணம் ஆனபோது ஊரே வாழ்த்தியது. அவள் ஆண்டிபட்டிக்காரி. அப்பா தறி ஓட்டுகிறவர். அபி பிறந்து நான்கு வருடம் கழித்து இரண்டாவதாக உண்டானாள். எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. ஆண் குழந்தை. அதை ஒரு துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். நான் அடக்கம் பண்ணிவிட்டு மறுநாளே கடையைத் திறந்துவிட்டேன். சாந்தி அழ ஆரம்பித்தாள்.

அவள் அழுதுகொண்டே இருந்தாள். சோறு வடிக்கும்போது அழுவாள். துணி காயப்போடும்போது அழுவாள். முதல் மாதம் பொறுத்தேன். இரண்டாம் மாதம் எரிச்சல் வந்தது. மூன்றாம் மாதம் கை நீட்டினேன். ஒருமுறை அல்ல. சபையில் ஸ்தோத்திர பலி ஏறெடுத்த வாயோடு வீட்டுக்கு வந்து அவளைத் திட்டினேன். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, துக்கம் நோயாகியிருக்கிறது, மாத்திரை சாப்பிட்டால் ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை நான் கடை மேசை டிராயரில் போட்டு வைத்தேன். மாத்திரை வாங்கவில்லை. ஜெபம் பண்ணினால் போதும் என்று அவளிடம் சொன்னேன். ஜெபமும் பண்ணவில்லை.

ஒரு நாள் அவள் அபியைத் தூக்கிக்கொண்டு ஆண்டிபட்டிக்குப் போய்விட்டாள்.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருடம், பிள்ளை இல்லை. மச்சானுக்குத் திராட்சைத் தோட்டம். தோட்டத்தை ஒட்டியே வீடு. அபி பிறந்த நாளிலிருந்து அக்காவின் இடுப்பில்தான் வளர்ந்தாள். சாந்தி பிள்ளையோடு போனதும் எனக்கு வந்தது கோபம். அக்காவுக்கு வந்தது பசி மாதிரி ஒன்று. “ஏலே, அவ போனாப் போறா. பிள்ளையை விட்டுறாத” என்றாள். அதற்குப் பிறகு நானும் அவளும் சேர்ந்துதான் எல்லாவற்றையும் செய்தோம். இரண்டு நாளில் கொண்டுவந்து விடுகிறோம் என்று ஆண்டிபட்டியில் சொல்லி அபியை அழைத்து வந்து, திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டோம்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்காருவார்கள். பத்திரம் எழுதுகிறவர் முத்திரைத்தாளில் எழுதுவார். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டதும் நோட்டரியிடம் கொண்டுபோய்ச் சிவப்பாக ஒரு வட்ட முத்திரை வாங்கிவிடுவார்கள். அந்த முத்திரை விழுந்துவிட்டால் எங்கள் கணக்கில் அது கோர்ட்டுத் தீர்ப்பு. எத்தனையோ பேர் அதை வைத்து மறுகல்யாணம் செய்திருக்கிறார்கள். கேட்டால், “சீல் வச்சுத் தீத்தாச்சுல்ல” என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தேனியில் பத்திரம் எழுதுகிறவர் அறையில் கூடினோம். பிள்ளை தகப்பனிடம் இருக்கும், தாய் மாதம் ஒருமுறை வந்து பார்க்கலாம், பிள்ளைச் செலவுக்கென்று தாய் எதையும் கேட்கமாட்டாள் என்று எழுதினார்கள். பிள்ளையைத் தாயிடமிருந்து ஏன் பிரிக்கிறீர்கள் என்று பின்னால் யாரும் கேட்டால் காரணம் வேண்டுமே என்றார் எழுதுகிறவர். அக்கா சொன்னாள். அவர் எழுதினார். எழுதியதைச் சத்தமாக வாசித்தும் காட்டினார். “மேற்படி சாந்தி என்பவர் காரணமின்றி அடிக்கடி அழும் சுபாவமும் சித்த சுவாதீனக் குறைவும் உடையவராதலால், குழந்தை தகப்பன்வசம் ஒப்படைக்கப்படுகிறது.”

அக்கா மடியில் அபி உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. பிள்ளைக்கு என்ன புரியப்போகிறது என்று நாங்கள் யாரும் அவளை வெளியே அனுப்பவில்லை.

கையெழுத்துப் போடாவிட்டால் பிள்ளையைக் கண்ணிலேயே பார்க்க முடியாது என்று சாந்தியிடம் சொல்லியிருந்தோம். அவள் போட்டாள். அவளுடைய அப்பா எழுந்து என் பக்கத்தில் வந்து, “எரிஞ்ச காயிலை மோந்து பாத்தே சொல்லிருவீகளாம், ஊரெல்லாம் பேச்சு. உங்க வீட்டுல ஒருத்தி எரிஞ்சது மட்டும் எப்படி மாப்பிள்ள தெரியாமப் போச்சு?” என்றார். நான் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் மாதம் சாந்தி வந்தாள். அக்கா கூடவே உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் மாதம் வந்தபோது பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோம். மூன்றாம் மாதம் பிள்ளை குமுளிக்குப் போயிருக்கிறது என்றோம். அபி அப்போது உள்ளறையில்தான் இருந்தாள். சாந்தி கொண்டுவந்த முறுக்குப் பையை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். நான்காம் மாதம் அவள் இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீல் அம்மாவைப் பிடித்து, பிள்ளையைக் கேட்டும் பிள்ளைச் செலவைக் கேட்டும் தேனிக் கோர்ட்டில் மனுப் போட்டாள். சம்மன் கொண்டுவருகிறவர் கடைப் பக்கம் வந்தால் பக்கத்து டீக்கடைக்காரர் எனக்குச் சாடை காட்டுவார். நான் பின்வாசலால் போய் மலையேறுகிற ஜீப்பில் தொற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போய்விடுவேன். மூன்று தடவை அப்படி ஓடினேன். மூன்றாம் தடவை டீக்கடைக்காரரே கேட்டுவிட்டார். “ஏண்ணே, உங்க ஜெபத்துல இந்த ஓட்டமெல்லாம் வருமா?” என்றார். சிரித்து மழுப்பினேன்.

இதற்கிடையில் சின்னமனூரிலிருந்து வரன் வந்தது. பொறுமையான பெண். அவர்களிடம் முறைப்படி தீர்ந்துவிட்டது என்றேன். புதிதாக வந்திருந்த போதகர் ஐயாவிடம் பத்திரத்தை மடித்தபடி நீட்டி, கோர்ட்டு முத்திரை இருக்கிறது பாருங்கள் என்றேன். அவர் முழுவதும் வாசிக்க வேண்டும் என்றார். என் வார்த்தையில் நம்பிக்கை இல்லையா ஐயா என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன். குற்றம் என்னுடையது. அவருடையது அல்ல.

நாம் எதை ஆரம்பித்தாலும் ஒரு ஜெபம் பண்ணுவோம். ‘ஆண்டவரே, இது உமக்குச் சித்தமானால் வாய்க்கப்பண்ணும், சித்தமில்லையானால் தடை பண்ணும்.’ பெண் பார்க்கப் போகும்போதும் இதைச் சொல்வோம், பழைய வண்டி வாங்கப் போகும்போதும் சொல்வோம். சொல்லும்போதே கால் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். நானும் அந்தக் கல்யாணத்துக்காக இந்த ஜெபத்தைப் பண்ணினேன். முழங்காலில் நின்று, கண்ணை மூடி, நாக்கால் மட்டும். அவர் தடை பண்ணுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

ஓலை வாசிப்பதற்கு முந்தின வாரம் தோட்டத்தில் கவாத்து நடந்தது. கொடி வெட்டுகிறவர்கள் சாப்பிடப் போனபோது கத்தரியைப் பந்தலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அபி அதை எடுத்து விளையாடி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டாள். கம்பம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆறு தையல். அபி ஒரு சத்தம் போடவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை எச்சில் விழுங்குவது மாதிரி விழுங்கினாள்.

தையல் போட்ட நர்ஸ் அம்மா கையைக் கழுவிக்கொண்டே, “இருபது வருசமா ஊசி போடுறேன், இப்படி அழாத பிள்ளையை இங்கன பாத்ததில்ல. எனக்கு இது நல்லதாப் படல சார்” என்றார்.

எனக்கு நல்லதாகத்தான் பட்டது. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னேன். என் மகளுக்கு ஆண்டவர் ஆண்பிள்ளையின் தைரியத்தைக் கொடுத்திருக்கிறார், ஆறு தையலுக்கும் அழவில்லை என்றேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அக்கா மட்டும் சொல்லவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை.

முதல் ஞாயிறு ஓலை வாசித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது ஞாயிறும் போதகர் ஐயா இரண்டு பேருடைய பெயரையும் ஊரையும் வாசித்துவிட்டு, தடை தெரிந்தவர்கள் இருந்தால் சபைக்குச் சொல்லலாம் என்றார். அந்த இடத்தில் யாராவது இருமுவார்கள், குழந்தை சிணுங்கும், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து எங்கள் சபையில் யாரும் எழுந்து நின்றதில்லை. அன்று பெண்கள் பக்கத்தில் அக்கா எழுந்தாள். முதலில் அவள் மெதுவாகப் பேசினாள், எனக்குக் கேட்கவில்லை. சத்தமாகப் பேசும்மா என்று யாரோ சொன்னார்கள். அப்போதுதான் நான் மேலே எழுதிய வார்த்தைகளைச் சொன்னாள்.

போதகர் ஐயா ஓலையை நாலாக மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்தார். இது இத்தோடு நிற்கிறது என்றார். பெண்ணின் அப்பா வாசலில் என்னை மறித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். “எங்க பிள்ளையைக் காப்பாத்துனது உன் அக்கா. உனக்குச் சொல்றதுக்கு எங்கிட்ட வார்த்தை இல்ல” என்று சொல்லிவிட்டுத் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

அக்கா அன்றே அபியை ஆண்டிபட்டிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டாள். மறுநாள் திரும்பி வந்தவளை நான் வாயில் வந்தபடி பேசினேன். என் வாழ்க்கையைக் கெடுத்தவள் என்றேன். பிள்ளை பெறாதவள் என்றும் சொன்னேன். அந்த வார்த்தைக்கு இன்றைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் திருப்பித் திட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள், கைக்கட்டு மாற்றும்போது தனக்கும் அபிக்கும் நடந்த பேச்சை மட்டும் சொன்னாள்.

“வலிக்கலையா ஆத்தான்னு கேட்டேன். வலிக்குதுன்னா. அப்ப ஏன் அழலன்னு கேட்டேன். ‘அழுதா அம்மாவுக்கு எழுதுன மாதிரி எனக்கும் எழுதிருவீகள்ல அத்த’ங்குறா தம்பி.”

ஒரு வருடத்துக்கும் மேலாக என் பிள்ளை எங்கள் வீட்டில் அழாமல் இருந்திருக்கிறாள். விழுந்தபோதும், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியபோதும், தாய் வாசலில் முறுக்குப் பையோடு நின்று பேசுகிற சத்தம் உள்ளறையில் கேட்டபோதும். நான் அதைத் தைரியம் என்று சபையில் சாட்சி சொல்லியிருக்கிறேன்.

அப்போதும் நான் திருந்திவிடவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சாட்சி பொய்யாகிவிடும். பிள்ளை கையை விட்டுப் போனதும் பயம்தான் வந்தது. பெரியகுளத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். “தம்பி, கிறிஸ்தவக் கல்யாணத்தைக் கோர்ட்டு மட்டும்தான் பிரிக்க முடியும். பஞ்சாயத்து எழுதினாலும் சரி, நோட்டரி சீல் வச்சாலும் சரி, நீங்க இன்னமும் புருசன் பொண்டாட்டிதான். உங்க அக்கா எந்திரிக்காம இருந்திருந்தா ரெண்டாங் கல்யாணம் பண்ணின குத்தத்துக்கு நீங்க என்னை ஜெயில்லருந்து கூப்பிட்டிருப்பீங்க” என்றார். தாய் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் பிள்ளைச் செலவு பிள்ளையின் உரிமை, அதை வேறொருவர் விட்டுக்கொடுக்க முடியாது என்றார். பிள்ளை யாரிடம் இருப்பது என்பதையும் பெரியவர்கள் எழுதி முடித்துவிட முடியாது, பிள்ளைக்கு எது நல்லது என்றுதான் நீதிபதி பார்ப்பார் என்றார்.

எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக ஒன்று கேட்டார். அந்த அம்மாவுக்கு மனசு சரியில்லை என்பதற்கு ஆஸ்பத்திரிக் காகிதம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அக்கா சொன்னதை மறுக்கலாம், கேஸை இரண்டு வருடம் இழுக்கலாம்.

இருந்தது. என் கடை மேசை டிராயரில்.

மறுநாள் கம்பத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். கரண்ட் இல்லாவிட்டால் என் கடையில் வேலை இல்லை. மத்தியான வெயிலில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்தச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதைக் கொடுத்தால் அபி ஒருவேளை எனக்குக் கிடைப்பாள். அழாத அபி கிடைப்பாள். சீட்டைத் திருப்பினேன். பின்பக்கத்தில் டாக்டர் எழுதியிருந்தார். அன்றுதான் முதன்முதலாக அதை வாசித்தேன். ‘கணவர் பொறுமையாக உடன் இருக்க வேண்டும்.’

செப்புக் கம்பிச் சுருளுக்கும் கழற்றிப் போட்ட மோட்டாருக்கும் நடுவில் முழங்காலிட்டேன். கிரீஸ் படிந்த தரை. என்ன ஜெபிப்பது என்று தெரியவில்லை. வழக்கமான வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. வெகுநேரம் கழித்து இதுதான் வந்தது. ‘ஆண்டவரே, பிள்ளையை எனக்குத் தர வேண்டாம். அவள் அழுகையை அவளுக்குத் திருப்பிக் கொடும். நான் பிடுங்கிக்கொண்டேன். எனக்குத் திருப்பிக் கொடுக்கத் தெரியவில்லை.’

அன்று நாக்கால் மட்டும் ஜெபிக்கவில்லை.

அடுத்த வாய்தாவுக்கு நானே போய் ஆஜரானேன். சம்மன் கொண்டுவந்து கொண்டுவந்து ஏமாந்த அந்த மனிதர் கோர்ட்டு வராந்தாவில் என்னைப் பார்த்துவிட்டு, “அண்ணே, கேரளா லீவு விட்டுருச்சா?” என்றார். அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். சீட்டை என் வக்கீலிடம் கொடுக்கவில்லை. சாந்தியின் வக்கீல் அம்மாவிடம் கொடுத்து, இது உங்கள் பக்கத்துக்குத்தான் சேர வேண்டும், மாத்திரை வாங்கிக் கொடுக்காதவன் நான் என்று சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை. நம்பாதது சரிதான். சாந்தி அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். ஆண்டிபட்டியில் அவளுடைய அப்பா அவளுக்கு ஒழுங்காக மருந்து வாங்கிக் கொடுத்து, அவள் தேறி, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அக்கா கூண்டில் ஏறி, சபையில் சொன்னதையே சொன்னாள். நானும் ஏறினேன். கை நீட்டினீர்களா என்று வக்கீல் அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். எத்தனை முறை என்றார். எண்ணவில்லை என்றேன். அதைவிட வெட்கமான நாள் என் வாழ்க்கையில் இல்லை. ஆனாலும் கூண்டை விட்டு இறங்கும்போது நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியிருந்தது.

நீதிபதி அம்மா அபியைத் தனியாக அழைத்துப் பேசினார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அபி தாயிடம் இருக்க வேண்டும், நான் மாதாமாதம் பிள்ளைச் செலவைக் கட்ட வேண்டும், இரண்டாவது நான்காவது சனிக்கிழமைகளில் ஆண்டிபட்டிக்குப் போய் அவளைப் பார்க்கலாம் என்று உத்தரவு வந்தது.

முதல் மூன்று சனிக்கிழமையும் அபி விருந்தாளியைப் பார்ப்பது போலத்தான் என்னைப் பார்த்தாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். சாக்லேட் வாங்கிக்கொள்வாள். நன்றி சொல்வாள். என் மகள் எனக்கு நன்றி சொன்னாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே வருவேன். நான் கேட்டதை ஆண்டவர் கேட்கவே இல்லையோ என்று தோன்றும்.

நான்காம் தடவையாகப் போன சனிக்கிழமை. தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிற அந்தத் தெருவில் அபி ஓடி வந்து கல் தடுக்கி விழுந்தாள். முழங்கால் சிராய்ந்து ரத்தம் வந்தது. எழுந்ததும் தாயைத் தேடவில்லை. என்னைத்தான் பார்த்தாள். எழுதுகிறவன் நான்தானே. ஆஸ்பத்திரியில் விழுங்கின மாதிரியே விழுங்கப் பார்த்தாள்.

நான் அந்த மண்ணிலேயே உட்கார்ந்தேன். “அழு ஆத்தா. அப்பா எதுவும் எழுத மாட்டேன். அம்மாவுக்கு எழுதுனதும் பொய். அப்பாதான் தப்புப் பண்ணேன்” என்றேன்.

அவள் கொஞ்சநேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அழுதாள். அது முழங்காலுக்கான அழுகை அல்ல. ஒரு வருடத்துக்கான அழுகை. தறி நின்றுவிட்டது. நான்தான் பிள்ளையை அடித்துவிட்டேன் என்று நினைத்து மாமனார் ஓடிவந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். வாசலுக்கு வந்த சாந்தி, “விடுங்கப்பா. அவ அழுகுறா” என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமனார் என் சட்டையை விடவில்லை. பிடித்தபடியே அவரும் அழுதார். நான் ‘ஆண்டவரே உமக்கு ஸ்தோத்திரம்’ என்றேன். பெற்ற பிள்ளை அழுவதைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்ன தகப்பன் இந்தப் பள்ளத்தாக்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சாந்தி என்னோடு சேர்ந்துவிட்டாளா என்று கேட்பீர்கள். இல்லை. முறைப்படி கோர்ட்டில் பிரிவதற்கு இரண்டு பேரும் சேர்ந்து மனுப் போட்டிருக்கிறோம். ஆண்டவர் குடும்பத்தைக் கட்டியெழுப்புவார், விசுவாசமாய் ஜெபியுங்கள் என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி ஜெபிப்பதில்லை. அடிபட்டவள் அவள். திரும்பி வா என்று அவளை ஆண்டவர் மூலமாக நெருக்க எனக்கு உரிமை இல்லை. பிள்ளைச் செலவைத் தேதி தவறாமல் கட்டுகிறேன். சனிக்கிழமை கடையை மூடிவிட்டுப் போகிறேன். அபிக்கு இப்போது எட்டு வயது. போன தடவை என்னிடம் கோபித்துக்கொண்டு, “நீங்க வர வேணாம், போங்க” என்று கத்தினாள். எனக்கு அது பயப்படாத பிள்ளையின் சத்தமாகக் கேட்டது.

சகோதர சகோதரிகளே, வட்ட முத்திரையை நம்பிக் கல்யாணத்தை முறித்துக்கொண்டவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். முதலில் ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள். அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டில் சத்தமில்லாமல் வளர்கிற பிள்ளை இருந்தால், அடக்கமான பிள்ளை என்று பெருமைப்படுவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேளுங்கள். ஆண்டவரிடம் தடை பண்ணும் என்று கேட்டால் அவர் பண்ணுவார். அரைமனதாகக் கேட்டதையே என் விஷயத்தில் அவர் முழுதாகச் செய்தார். உண்மையாய்க் கேட்டதை அதற்குப் பிறகு கொடுத்தார். என்னைப் போன்றவனுக்கு இரங்கினவர் உங்களுக்கும் இரங்குவார். பயப்படாமல் அவரிடம் போய், இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த இரண்டாம் ஞாயிறு, அது பொய் என்று சொன்ன பிறகு அக்கா என்ன செய்தாள் என்பதை இதுவரை சொல்லவில்லை. போதகர் ஐயா ஓலையை மடிக்கும்போதே அவள் தலையில் போட்டிருந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவளைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க நான் பின்னாலேயே ஓடியபோதுதான் பெண்ணின் அப்பா வாசலில் மறித்தார்; அவர் போன பிறகும் நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வெளிப்படிக்கட்டு ஓரத்தில் பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அபியை அவர்களிடமிருந்து அழைத்து அந்தப் படியில் நிறுத்தினாள். கைக்கட்டைச் சரிபார்த்தாள். செருப்பு வாரை மாட்டிவிட்டாள். பிறகு பிள்ளைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடாமல், வாய்விட்டு அழுதாள். எல்லாரும் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. அழுதால் ஒன்றும் ஆகாது என்று காட்டுவதற்காக அபிக்கு முன்னால் அழுதாள் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. அபி கட்டுப் போட்ட கையால் அத்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்சநேரம் கழித்து அக்கா எழுந்தாள். கண்ணைத் துடைக்காமலே, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, தாயிடம் கொண்டுபோய் விடுவதற்காகப் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.